பத்தாயிரம் லிட்டரும் ஒரு 'வாரேனுங்க'வும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1984 சித்திரையில், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு எதற்கோ போயிருந்தேன். அங்கே ஒரு தண்ணீர் லாரிக்கு எலுமிச்சை மஞ்சளில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிறத்தில் ஒரு லாரி எங்கள் ரோட்டில் ஓடி நான் பார்த்ததில்லை. "எங்கீங்க போவுது இது?" என்று கேட்டேன். பிரஷ்ஷை எடுக்காமலே பெயின்டர் சொன்னார்:

"ஏரோப்ளேன் எறங்கற எடத்துக்குங்க. அங்க தீப்புடிச்சா இதுதான் தண்ணி ஊத்தோணும்."

எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதும் நல்லதுதான். பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் எனக்குக் கை பரபரத்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்—"

வேண்டாம். சித்திரையில் எங்கள் ஊரில் மேகம் ஏது?

இரண்டாவது: "மனித வாழ்வில் விபத்து என்பது—"

இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.

முதலில் விமான நிலையம் வேண்டும். புதுச்சத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பெரிய விமான நிலையம் எதுவும் கிடையாது, தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். நான்தான் கட்டினேன். கடலைக்காட்டையும் சோளக்காட்டையும் ஒரே வரியில் சமன்செய்து, இரண்டு மைலுக்கு ஓடுபாதை போட்டு, கண்ணாடி வைத்த டவரை நிறுத்தி, பம்பாய் விமானத்தையும் சிங்கப்பூர் விமானத்தையும் இறக்கிவிட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தானே ஐயா எழுத வருவது.

* நிலம் கொடுத்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். அது வேறு கதை, இதைவிடப் பெரியது.

3

பெரிய நிலையம் என்றால் அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும். விமானம் தீப்பிடித்தால் யார் ஓட வேண்டும், எந்தக் கேட்டைத் திறக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை எழுதிய அதிகாரிக்கு மருதாசலம் என்று பெயர் வைத்தேன். சொந்த ஊர் மெட்ராஸ் என்றார், அப்படியே எழுதிக்கொண்டேன்.

தீயணைப்பு வண்டிகளின் தண்ணீர் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எருமப்பட்டி சின்னண்ணன் என்பவரின் மஞ்சள் லாரிதான் கிணற்றிலிருந்து கொண்டுவந்து நிரப்ப வேண்டும். திட்டத்தின் எழுபத்து நாலாம் பக்கத்தில் இது இருக்கிறது. சின்னண்ணனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "கெவுருமெண்டு பொஸ்தகத்துல என்ர லாரி நெம்பரு இருக்குதுங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒத்திகைக்கு வாருங்கள். காலை பத்து மணி. ஓடுபாதை ஓரமாகத் தார் பீப்பாய்களில் டீசல் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். அதுதான் விமானம். பக்கத்துக் காடுகளில் வேலை செய்கிறவர்கள் நாற்பத்தோரு பேர் பயணிகளாகப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் காயத்தை எழுதிய அட்டை. செல்லாயி என்ற அம்மாவுக்கு இரண்டு காலும் முறிவு.

"காலு ஒடிஞ்சவ எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுட்டு வரலாமுங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்க் குடித்துவிட்டு வந்து, மறுபடி முறிந்து படுத்துக்கொண்டார்.

4

சின்னண்ணன் முதல் லோடைத் தீயணைப்பு வண்டிகளுக்கு நிரப்பிவிட்டார். அடுத்த லோடுக்குக் கிணற்றுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டால், அவர் திரும்பும்வரை தண்ணீரைச் சிக்கனமாக அடிப்பார்கள்.

எங்கள் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அவரும் "அப்ப வாரேனுங்க" என்றுதான் சொன்னார். ஆனால் பொத்தானை அழுத்துவதற்குள் "அப்ப" வாய்க்குள்ளேயே முடிந்துவிட்டது. கண்ட்ரோல் அறைக்குப் போய்ச் சேர்ந்தது "வாரேனுங்க" மட்டும். ஆபரேட்டர் தஞ்சாவூர்ப் பக்கம். லாரி வந்துகொண்டிருக்கிறது என்று எழுதிக்கொண்டு, "தண்ணியத் தாராளமா அடிங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

அடித்தார்கள். பிறகு நாலு நிமிடம் வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காகிதக் கணக்குப்படி நாற்பத்தோரு பேரும் காலி. செல்லாயியின் அட்டையை மாற்றியபோது, "செத்தவ ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார்.

லாரி நிறைய தண்ணீரோடு சின்னண்ணன் திரும்பி வந்தார். எல்லார் முன்னாலும் மருதாசலம் எழுபத்து நாலாம் பக்கத்தில் லாரி நம்பர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"பேசத் தெரியாதவங்கள வச்சு ஏர்போர்ட் நடத்த முடியாது. வண்டியை எடுங்க."

சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பத்தாயிரம் லிட்டரோடு கேட்டைத் தாண்டி நாமக்கல் ரோட்டில் போய்விட்டார். வாக்கி டாக்கியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். [நான்தான் மறக்க வைத்தேன்.]

5

இங்கே எனக்கு மருதாசலத்தின் மேல் சந்தேகம் வந்து எழுதுவதை நிறுத்தினேன்.

அந்த "வாரேனுங்க" வந்தபோது அவர் ஆபரேட்டருக்குப் பின்னால்தான் நின்றார். "சட்டென்று நிமிர்ந்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்" என்று என் முதல் பிரதியில் இருக்கிறது. ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு பெயரைப் பார்த்தேன். மருதாசலம், எங்கள் பக்கத்துச் சாமி பெயர். மெட்ராஸில் எந்தத் தெருவில் ஐயா இந்தப் பெயரை வைக்கிறார்கள்? வைத்த எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

உட்காரவைத்துக் கேட்டேன். கடைசியில் "நாமகிரிப்பேட்டை" என்றார். நாமக்கல்லுக்குப் பக்கம்தான்.

"மெட்ராஸ்ல படிக்கப் போனப்போ நான் வாயைத் திறந்தாலே சிரிச்சாங்க. அப்பவே அந்தப் பேச்சை விட்டுட்டேன்."

"அந்த வாரேனுங்க உங்களுக்குப் புரிந்ததா?"

"புரிஞ்சுது. விருந்தாடி வந்தவங்க கெளம்பறப்ப அப்படித்தான் இழுத்துச் சொல்லுவாங்க."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் எழுதிய ஆளை நானே கைநீட்டி அடிக்க முடியாது. அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். ஒரு நிஜ விமானத்தை அனுப்பினேன்.

6

பம்பாய் விமானம். முன்சக்கரம் இறங்கவில்லை. உள்ளே நாற்பத்தோரு பேர். இவர்கள் கழுத்தில் அட்டை இல்லை. வட்டமடிக்க எரிபொருள் பதினோரு நிமிடத்துக்குத்தான் இருக்கிறது. தீயணைப்பு வண்டிகள் ஒத்திகையில் காலி. கரண்ட் இல்லை, கிணற்று மோட்டார் ஓடாது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருப்பது ஒரே இடத்தில், அதுவும் கோபித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது.

* மூன்றாவது பிரதியில் சின்னண்ணனின் மகளையும் அந்த விமானத்தில் ஏற்றினேன். மலிவான வேலை. இறக்கிவிட்டேன்.

ஆபரேட்டர் வாக்கி டாக்கியில் சின்னண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லி, திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டார். பதில் வந்தது:

"பொஸ்தகத்துல இல்லாதவன எதுக்குங்க கூப்புடறீங்க? பேசத் தெரியாதவன்னு எல்லாத்து முன்னாலயும் சொன்னாரல்லங்க, அவரையே தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

முடிவு ஒன்று: சின்னண்ணன் உடனே லாரியைத் திருப்புகிறார், எல்லாரும் பிழைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். எழுதினேன், கிழித்தேன். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்ட மனுஷன் அவ்வளவு சீக்கிரம் ஆறுவாரா?

முடிவு இரண்டு: லாரி நிற்கவில்லை. விமானம்—

முடியவில்லை. எழுத வரவில்லை.

7

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. மருதாசலம் ஆபரேட்டரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"சின்னண்ணா, நாந்தானுங்க, மருதாசலம். எனக்கு ஊரு நாமகிரிப்பேட்டைங்க. நீங்க வாரேன்னு சொன்னது கெளம்பறதுக்குத்தான்னு அப்பவே எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு, பழிய உங்க மேல போட்டுட்டேனுங்க. என்னைய என்ன வேணும்னாலும் பேசுங்க, கேட்டுக்கறேன். மேல நாப்பத்தோரு உசுரு சுத்திக்கிட்டிருக்குதுங்க. வண்டியத் திருப்புங்க, சாமி."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

எதிர்முனையில் பொத்தான் அழுந்தியது. அதன் வழியே லாரிச் சத்தம் கேட்டது. பிரேக் பிடித்து லாரி நின்றது. பிறகு கியர் விழுந்தது.

திருப்புவதற்குப் போட்ட ரிவர்ஸ் கியரா? நின்று யோசித்துவிட்டு எருமப்பட்டிக்கே எடுக்கும் ஃபர்ஸ்ட் கியரா? லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் எழுதினால், வண்டியைத் திருப்பியவனும் நான், திருப்பாதவனும் நான் என்றாகிவிடும். மருதாசலம் சிவப்பு மையால் அவரை அடித்ததே இன்றைக்குப் போதும்.

பேனாவை மூடிவிட்டேன். விமானத்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. டிரைவர் சீட்டில் ஏறி உட்காருங்கள். ஸ்டியரிங் உங்கள் கையில்.