இரண்டு தட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாக்ஸபோன் வாத்தியார் வழக்கம்போல் அழைப்பு மணியை அடித்தபோது, அவருடைய மாணவரைக் கூடத்தில் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். வாத்தியாருக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியாருக்கு முப்பது வயது, மாணவருக்கு அறுபத்திரண்டு. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து மனிதர் அங்கேயே நின்றுவிட்டார்.

"நேத்து சாயங்காலம்தான் தம்பி" என்றாள் அவர் மனைவி. "ஊதிக்கிட்டே இருந்தார். அப்படியே சாஞ்சுட்டார்."

இதையே நேற்றிலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! குளித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வெளியே வந்து பார்த்தால் இப்படி. பெற்ற மகளிடமும் அதையேதான் சொன்னாள். 'அரை மணி முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்' என்று டாக்டர் போகிற போக்கில் மகளிடம் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு பொய்யை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனுஷன். ஓய்வு பெற்ற மறுமாதமே அந்தப் பித்தளைப் பூதத்தை வாங்கி வந்தார். வாரத்தில் ஒரு நாள் வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். மற்ற ஆறு நாளும் இவள் தலையெழுத்து. முதல் மூன்று மாதம் ஒரே சுரம். எருமை கன்று போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

"கன்னுக்குட்டி வெளிய வர்ற வரைக்கும் பொறுத்துக்க" என்றார்.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். தாங்க முடியாமல் போனால் அவள் கரண்டிக் காம்பால் சமையலறைச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அடுத்த அறையில் அவர் நிறுத்த வேண்டும். நிறுத்துவார், ஆனால் உடனே நிறுத்தினால் அவர் அவராக இருப்பாரா? வேண்டுமென்றே முன்னைவிட உரக்க இன்னும் ஒரு நீட்டல் நீட்டிவிட்டுத்தான் வைப்பார். தட்டித் தட்டிச் சுவரில் அந்த இடத்தில் பூச்சு பெயர்ந்து குழி விழுந்திருந்தது.

நேற்று நாலு மணிக்கு அவளுக்குத் தலைவலி. தட்டினாள். அந்த நொடியே சத்தம் நின்றது.

பரவாயில்லையே, மனுஷனுக்கு இப்பவாவது புத்தி வந்ததே என்று நினைத்தாள். தனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள். வீடு அத்தனை அமைதியாக இருந்தது, அந்த அமைதி அவளுக்கு இனித்தது. அங்கேயே சாய்ந்தவள் கண்ணயர்ந்தும் விட்டாள். ஐந்து மணிக்குத்தான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனாள்.

வாத்தியார் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார் சாக்ஸபோனை ஒரு தடவை பாக்கலாமாம்மா? ஈரத்தோட விட்டா பாழாப் போயிடும்."

மகள் உள்ளே கூட்டிப்போனாள். அம்மாவும் பின்னால் போனாள். வாத்தியம் கட்டிலுக்கடியில், யாரோ அவசரத்தில் தள்ளிவிட்ட இடத்திலேயே கிடந்தது. வாத்தியார் வாய்வைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கவிழ்த்தார். நாலைந்து சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"இது எங்கேர்ந்து தண்ணி?" என்றாள் மகள்.

"மூச்சுதான்க்கா. ஊதுற மூச்சு உள்ள தண்ணியாத் தங்கிடும்." துணியால் துடைத்துக்கொண்டே அவர் பேசினார். பேசாமல் இருந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. "சார் எதையும் பாதியில விடமாட்டார். நான் போதும்னு சொன்னாக்கூட ஒரு ஊது ஊதிட்டுத்தான் நிறுத்துவார். 'வீட்டுக்காரி சுவத்தைத் தட்டினாலும் எனக்கு இதே பழக்கம்தான் மாஸ்டர். டக்குனு நிறுத்தினா நான் செத்துட்டேன்னு நெனச்சுப் பதறிடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பார்."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நேத்து தட்டினியாம்மா?"

வாத்தியார் துடைப்பதை நிறுத்திவிட்டார். தரையில் அந்தச் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன.

"வந்தவங்களுக்கு டீ போடணும்" என்று அவள் வெளியே வந்தாள்.

கூடத்தில் வண்டி எத்தனை மணிக்கு வரும், யார் யார் கூடப் போவது என்று பேச்சு சலசலத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கரண்டியை எடுத்து, காம்பால் அந்தக் குழியில் இரண்டு தட்டு தட்டினாள்.

கூடத்தில் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.