இதயமாக மடித்த புத்தகம்

அந்த வீட்டில் உறை போடாத பொருள் என்று எதையும் காட்ட முடியாது. டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, குளியலறைக் குழாய்க்குக்கூட மஞ்சள் நூலில் ஒரு குல்லா. எல்லாம் மாமியாரின் கைவண்ணம். ஈரக் கையோடு அந்தக் குழாயைத் திருகும்போதெல்லாம் மருமகளுக்கு நனைந்த பூனையைப் பிடித்த மாதிரி இருக்கும். விட்டால் மனுஷங்க மூக்குக்கும் ஒன்று பின்னிப் போட்டுவிடுவார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே சொல்வதில்லை. வாயைத் திறந்து சொல்லும் அளவுக்கு இவர்களெல்லாம் ஒரு ஆளா?

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். வந்த மாதமே ஆளுக்கொரு பட்டம் சூட்டிவிட்டாள். மாமியார், உறை மகாராணி. புருஷன், சமையல் சக்கரவர்த்தி. வாரம் பூராவும் ஆபீசில் வாயைத் திறக்காத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இறங்கிவிடுவான். ஒரு சூப் வைக்கப் பதினோரு பாத்திரம். அதில் ஒரு சிட்டிகை மிளகுத்தூளைத் தூவிவிட்டு ஏதோ மருத்துவமனையில் பெரிய ஆபரேஷனை முடித்த டாக்டர் மாதிரி பெருமூச்சு விடுவான். பதினோரு பாத்திரத்தையும் தேய்ப்பது யார் என்று கேட்கவே வேண்டாம்.

நாத்தனாருக்கு வைத்த பேர் பசை. முட்டை ஓடு, ஐஸ் குச்சி, காலித் தீப்பெட்டி, எது கிடைத்தாலும் எதோடாவது ஒட்டிவிடுவாள். இருபத்து நாலு வயசுப் பெண் செய்கிற வேலையா இது? "அண்ணி, எப்படி இருக்கு?" என்று நீட்டினால் மருமகள் கண்ணை உயர்த்தாமலே "ம், நல்லாருக்கு" என்பாள். அந்த 'நல்லாருக்கு'வில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று அந்த அப்பாவிக்குத் தெரியாது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடிவிடுவாள்.

இதெல்லாம் போதாதென்று சாயங்காலம் வாசிப்பு வேறு. புருஷன் ஒரு தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பான். மாமியார் பின்னிக்கொண்டே கேட்பாள், நாத்தனார் ஒட்டிக்கொண்டே கேட்பாள். கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து மூக்கை உறிஞ்சுவார்கள். கர்மம்! ஒரு மாத்திரையில் போகிற காய்ச்சலுக்கு நாற்பது பக்கமா? மருமகள் எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

உள்ளே அவளுக்கு ஒரு புத்தகம் இருந்தது. செங்கல் கனத்தில் ஒரு மருந்தியல் புத்தகம். அவள் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு பரீட்சை எழுதித் தேறினால் முழு மருந்தாளுநர் ஆகலாம். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, கூடவே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அங்கே குழாய் குழாயாக இருக்கும். மூன்று வருஷமாக அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி எழுதி, அச்சடித்ததைவிட அவள் எழுதியதுதான் அதிகம் என்று ஆகியிருந்தது. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இவர்களிடம் சொன்னால் பரீட்சைப் பேனாவுக்கு ஒரு உறை வரும், வேறென்ன வரும்?

பரீட்சை புதன்கிழமை, அந்த வேறு ஊரில். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். அரை நாள் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியவள், நேராக அறைக்குப் போய்த் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். புத்தகம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைக் கலைத்துப் போட்டாள்.

"அண்ணி! வந்துட்டீங்களா? கண்ண மூடிட்டு இங்க வாங்க!" என்று கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

கூடத்து மேஜையில் ஒரு கேக். மூன்று பேரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கேக்குக்குப் பக்கத்தில் அவளுடைய புத்தகம் விரிந்து நின்றது. ஒவ்வொரு பக்கமும் அளந்து மடிக்கப்பட்டிருந்தது. விளிம்புகள் ஒன்றுசேர்ந்து பெரிய இதயமாகப் புடைத்துத் தெரிந்தன. சுற்றிலும் காகித ரோஜாக்கள். ஒரு ரோஜாவின் இதழில் அவளுடைய பொடி எழுத்து ஓடியது.

மருமகள் அந்த இதழைத் தொட்டாள். "இது... என் புக்கு."

"உங்க புக்குதான் அண்ணி! தெனமும் அதக் கட்டிப் பிடிச்சிட்டே தூங்கறீங்கல்ல? ரொம்பப் பிடிச்ச கதை போலன்னு நெனச்சேன். இதயத்துக்கு இத்தன பக்கம் வேணாம்னு பின்னாடி இருந்தத எடுத்துப் பூவாக்கிட்டேன். ராத்திரியே எடுத்திருப்பேன், நீங்க விட்டாத்தானே!"

"கதையா? உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா நீ?"

"பாத்தேன். ஒண்ணும் புரியல. எங்களுக்குப் புரியற மாதிரியா நீங்க படிப்பீங்க?" அவள் குத்திக்காட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள்.

அவ்வளவுதான். மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்து அடக்கி வைத்தது மொத்தமும் மடை திறந்தது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? ஒரு பொருள உருப்படியா விட்டிருக்கீங்களா இந்த வீட்டுல? குழாய விடல, ரிமோட்ட விடல, இப்ப என் புக்கு! புதன்கிழமை எனக்குப் பரீட்சை! மூணு வருஷம் படிச்சிருக்கேன்! இந்தப் பைத்தியக்கார வீட்ட விட்டுப் போறதுக்கு எனக்கு இருந்த ஒரே வழி இது. அதையும் பூ பண்ணி வெச்சிருக்கீங்க!"

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

முதலில் அசைந்தது மாமியார்தான். மகளைப் பார்த்து, "அழுதது போதும். இஸ்திரிப் பெட்டிய எடு. மெல்லிசுத் துணி ஒண்ணும் கொண்டா," என்றாள். மகனிடம், "பூவெல்லாம் ஒட்டினது. ஆவி காட்டினா பசை விடும். அந்தப் பெரிய பாத்திரத்துல தண்ணி வை," என்றாள்.

பிறகு நடந்ததை மருமகள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் விசும்பிக்கொண்டே மடிப்புகளைப் பிரித்தாள். மாமியார் துணியை மேலே போட்டு, சூட்டைக் குறைத்து வைத்து, பக்கம் பக்கமாகத் தேய்த்தாள். புருஷன் ஒரு ரோஜாவை இடுக்கியில் பிடித்து ஆவியில் காட்டி, இதழ் கிழியாமல் விரித்தான். மை கொஞ்சம் கலங்கியது, ஆனால் படிக்க முடிந்தது. அடேயப்பா, இதற்கும் ஒரு ஊர்வலம் என்று அவள் மனசு பழக்கதோஷத்தில் முனகியது. ஆனாலும் அந்தக் கைகள் எதுவும் தடுமாறவில்லை என்பதைப் பார்க்கத்தான் செய்தாள். எரிச்சலாக வந்தது.

மாமியார் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உனக்கு எங்களப் பாத்தா எளக்காரம். அது எனக்கு நீ வந்த மாசமே தெரியும். உறை மகாராணியாமே நான்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு... யாரு சொன்னா?"

"நீதான். தூக்கத்துல பேசற. உனக்கே தெரியாது. இவன் காலைல வந்து சொல்லுவான், நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். எனக்கு அந்தப் பேரு பிடிச்சுக்கூடப் போச்சு. அப்புறம் இவன் சொல்றத நிறுத்திட்டான். உன் வாயிலேருந்து என்ன காதுல விழுந்துதோ, எனக்குத் தெரியாது." அடுத்த பக்கத்தை எடுத்து வைத்தாள். "பாஸ் பண்ணு. போகணும்னா தாராளமாப் போ. கையப் பிடிச்சு இழுக்க மாட்டேன். பரீட்சைக்கு மூணு வருஷம் படிச்சியே, அவன ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. குவார்ட்டர்ஸை நினைக்கும்போதெல்லாம் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, அதில் அவன் என்று போட்டு வைத்திருந்தாள். பெட்டியைக் கட்டினால் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வரப்போகிறான், அவனுக்கென்ன தனியாக ஒரு அபிப்பிராயம் என்று இருந்துவிட்டாள். இப்போது முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

அடுப்படிக்குப் போனாள். அவன் கடைசி ரோஜாவைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆவியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னங்க..."

"இந்தா, இது கொழந்தைங்க டோஸ் பக்கம். முக்கியமானதா இருக்கும். ஈரம் காயட்டும், இப்ப தொடாத."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." உண்மையாகவே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "எந்த ஊர்ல பரீட்சை?" என்று கேட்டான். சொன்னாள். "செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கே போயிடு. காலைல போனா அலைச்சல். நான் டிக்கெட் போட்டுத் தரேன், ஜன்னல் சீட்டா."

"சரிங்க." "பாஸாயிட்டா, குடிபோறப்ப... அப்ப ரெண்டு டிக்கெட்தானே போடுவீங்க?"

அவன் அடுப்பை அணைத்தான். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நிதானமாக நாலாக மடித்து மேடைமேல் வைத்தான்.

"அதுக்கும் ஒண்ணு போதும்," என்றான்.