நிறையாத தொட்டி

முதலியார்பேட்டையின் அந்தக் குறுக்குத் தெருவில் வாசல் கழுவினால் கதவு துளிர்த்தது. போர் தண்ணீர் பட்ட மரமெல்லாம் இலை விட்டது. துடைப்பக் கட்டையில் பூ வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிர்மலாவின் மூன்று மாதக் குழந்தைக்கு உதடு நீலமானபோதுதான் தெரு திரும்பிப் பார்த்தது. போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் அவள் பால்பவுடர் கலக்கினாள். தண்ணீரில் கலந்த நைட்ரேட் உப்புதான் காரணம், காய்ச்சினாலும் அது போகாது, இன்னும் கெட்டிப்படும் என்றார் டாக்டர்.

தண்ணீரைப் பரிசோதிக்க ஆய்வகத்திலிருந்து கார்குழலி வந்தாள். நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம் வரை பரவாயில்லை. நிர்மலா வீட்டில் நூற்றறுபது. பக்கத்து வீட்டை நெருங்க நெருங்க எண் ஏறியது, இலையும் அகலமானது. அது பக்கிரியின் வீடு. மில்லில் ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடமாகத் தன் செப்டிக் டேங்க் நிறைந்ததில்லை என்பதைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லிவிட்டு வருபவர்.

"ஒருவாட்டி கூட லாரி வந்ததில்லம்மா. கட்டுனா இப்பிடிக் கட்டணும்."

"நிறையலன்னா எங்க போவுது ஐயா?"

பக்கிரி யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "ராசியான டேங்க் அது."

"அந்த ராசிதான் மாமா எம்பொண்ணு வாயில போவுது!" மதிலுக்கு அப்பாலிருந்து நிர்மலா கத்தினாள்.

டேங்க் மூடியைத் திறக்க விடாமல் பக்கிரி அதன்மேல் தேக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கார்குழலி வற்புறுத்தவில்லை. அடுத்த நான்கு நாளும் வந்து குடுவைகளைக் கழுவினாள்; கழுவிய போர் தண்ணீரைப் பணிவாக நாற்காலிக் காலடியில் ஊற்றினாள். ஐந்தாம் நாள் நாற்காலிக் கால் விட்ட வேர் மூடியைப் பிளந்தது. எழுந்தால் தோற்றதாகிவிடும் என்று பக்கிரி எழவில்லை. நாற்காலி அவரோடு கூரை உயரத்துக்கு வளர்ந்தது. அங்கிருந்து குனிந்து பார்த்தார். சிமெண்ட் உறைகள் தெரிந்தன, அவற்றுக்குக் கீழே வெறும் மணல்.

"அய்ய, அடியே இல்லையேம்மா!"

ஒரு வாரத்தில் தளம் போட்ட புதுத் தொட்டி வந்தது, மேலிருந்து அவரே கொத்தனாரை விரட்டினார். மண்ணுக்கு அவசரமில்லை. நூற்றறுபது நூறாகி, எழுபதாகி, நாற்பத்தொன்றுக்கு வர நான்கு வருடம் பிடித்தது. அன்றுவரை கேன் தண்ணீர் வாங்கிய நிர்மலா, குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மகளுக்குக் கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள் சிறுமி.

தொட்டி இப்போது ஒழுங்காக நிறைகிறது. கழிவு லாரி வந்தால், "ரைட்ல ஒடி, இன்னும் ஒடி" என்று கிளையிலிருந்து பக்கிரி வழிகாட்டுகிறார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவரை அண்ணாந்து பார்த்து, முதல் மாடி என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.