நனைந்தவர்களுக்கு இடமில்லை

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடப்போகும் டிராமை வடிவமைத்த சத்யபிரியாவுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு கொதித்தது. வரைபடத்தில் அவள் போட்டிருந்த பிளாஸ்டிக் இருக்கைகளை அடித்துவிட்டு, மெத்தை இருக்கை என்று எழுதியிருந்தார் தலைமைப் பொறியாளர் சுந்தரபாண்டி. ஈரத்துணியோடு ஏறக்கூடாது என்று ஒரு விதி வேறு.

"அருவியில குளிச்சவங்க எதுல சார் போவாங்க? எண்ணெயும் ஈரமுமாத்தான வருதாங்க?"

"காய்ஞ்ச பொறவு வரட்டும்மா. டிராம் என்ன துணி காயப்போடுத கொடியா?"

"இந்தச் சாரல்ல எங்கன சார் காயும்?" அவர் சிரித்தபடியே, குற்றாலத்தில் நின்ற ஜீப்பிலிருந்து இறங்கி அருவிக்குக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தவரின் வேட்டி சொட்டியது. மாற்றுத்துணியை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஜீப் டிரைவர் செல்லச்சாமி ஒன்றும் கேட்காமல் தன் துண்டை இருக்கையில் விரித்தார். "ஏறுங்க சார், குளுருதுல்லா."

ஏறி உட்கார்ந்த சுந்தரபாண்டியின் மடியில் சத்யபிரியா வரைபடத்தைப் போட்டாள். "இந்த அண்ணாச்சி உங்கள ஏத்திக்கிட்டாரு சார். நீங்க ஊரையே இறக்கிவிடுதீங்க."

சுந்தரபாண்டி முறைத்தார். காற்று அடிக்காமலிருக்க, செல்லச்சாமி கண்ணாடியை ஏற்றிவிட்டார். சுந்தரபாண்டி பேனா கேட்டு வாங்கி, வரைபடத்தில் அந்த ஈரத்துணி விதியை அடித்தார். ஈரக்கை பட்டு மை பரவியது.

"மெத்தையையும் அடிச்சிருங்க சார்," என்றாள் அவள், கோபம் தணியாமலே.