வந்தது: பூஜ்யம்

தப்பு என்னுடையது என்று மூன்று நாளாகப் பண்ணை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை, நானே அதை நம்பிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சுதர்சனா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் ஆறு வருடம் நின்றுகொண்டே சர்க்யூட் போர்டு சோதித்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊருக்கு வந்தவள். ரிப்பேர் கடை சோறு போடும். ஆனால் நான் ஆசைப்பட்ட வேலை வேறு, சொந்தமாகக் கருவி செய்து மாட்டிக் கொடுப்பது. அது முதன்முதலில் கிடைத்தது அனந்தபுரம் பக்கத்தில், ஜெயசுதா அக்காவின் மகளிர் குழு நடத்தும் காளான் பண்ணையில். எங்கள் ஜைன வீட்டில் காளான் வாசல்படி ஏறாது. "வாயில வெக்காத பொருளுக்கு நீ காவலா?" என்று நைனா கிண்டல் செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

பண்ணையில் மூன்று கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் நான் செய்த ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி தொங்குகிறது. உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லும். இரண்டு பென்சில் செல்லில் ஒரு வருடம் ஓட வேண்டும் என்பதால் அதன் குரல் ரொம்பச் சன்னம். அதைக் கேட்பது ஆபீஸ் அறையில் இருக்கும் சீட்டுக்கட்டு அளவுக் கம்ப்யூட்டர் போர்டு. சூடு ஏறினால் அது ஜெயசுதா அக்காவின் போனுக்குத் தகவல் அனுப்பிவிடும்.

ஆயுத பூஜையன்று எனக்குக் கடை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து, இன்டர்நெட் வழியாக அந்தப் போர்டுக்குள் நுழைந்து சாஃப்ட்வேரை அப்டேட் செய்தேன். போர்டு அணைந்து மறுபடி எழுந்தது. அதற்குப் பிறகு ஒரு கொட்டகையிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை.

திரையில் ரேடியோ நன்றாகவே இயங்கியது. அனுப்பியது என்ற எண் ஏறிக்கொண்டே போனது. வந்தது என்ற இடத்தில் மட்டும் பூஜ்யம். இரண்டு நாள் கடையிலிருந்தே முட்டிமோதினேன். சேனல் நம்பரைச் சரிபார்த்தேன். அப்டேட்டை நீக்கிப் பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டேன். பூஜ்யம் அசையவில்லை.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனேன். மோட்டாரையும் ஒயரிங்கையும் பார்த்துக்கொள்ளும் பச்சமுத்து அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஓடிக்கினு இருந்தத இன்னாத்துக்கும்மா தொட்ட? அப்டேட்டு அப்டேட்டுன்ன, இப்ப அவுட்டேட்டா பூட்ச்சி."

ஜெயசுதா அக்கா அப்படிப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "எனக்கு உம்மேல நம்பிக்கை இருக்குது சுதர்சனா. ஆனா பொம்பளைங்க மூணு நாளா மணிக்கு ஒரு தபா கொட்டாய்க்கு ஓடிக்கினு இருக்குறாங்க. நாலு மணிக்கு குழு கூட்டம். அதுக்குள்ள தகவல் வந்துச்சின்னா பொட்டிய வெச்சிக்கலாம். வரலன்னா கழட்டிடலாம்."

முதல் வேலையே கழற்றப்பட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை யார் கூப்பிடுவார்கள்? மறுபடி ஒரகடம், மறுபடி ஹாஸ்டல் கட்டில். ஆபீஸ் அறைக்குள் போனேன்.

ரேடியோ சிப்பையும் போர்டையும் இணைக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். பூஜ்யம். கரண்ட் குறைந்தால் ரேடியோ செவிடாகும் என்று சார்ஜரை மாற்றினேன். பூஜ்யம். மணி இரண்டரை ஆனது. அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க, போர்டைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

கடைசியாகப் பையிலிருந்த உபரிப் பெட்டியை எடுத்தேன். கொட்டகைகளில் இருப்பது போலவே நாலாவது ஒன்று. செல் போட்டு மேசை மேல் வைத்தேன்.

வந்தது: 1.

அடுத்த நிமிடம் 2, அதற்கடுத்து 3. போர்டுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அப்படியென்றால் அந்த மூன்று பெட்டிகளும்தான் பேசவில்லை. மூன்றும் எப்படி ஒரே நாளில் வாயடைத்துப் போகும்?

அப்போதுதான், இத்தனை நாள் குற்ற உணர்ச்சியில் திறக்காமலே இருந்த பழைய பதிவைத் திறந்தேன். முதல் கொட்டகையின் கடைசித் தகவல் பத்து நாற்பத்திரண்டு. இரண்டாவது பத்து ஐம்பத்தைந்து. மூன்றாவது பதினொன்று ஒன்பது. நான் அப்டேட் செய்தது பதினொன்றரைக்கு.

நான் கை வைப்பதற்கு முன்பே மூன்றும் போய்விட்டிருந்தன. அதுவும் ஒன்றாகப் போகவில்லை. பதின்மூன்று, பதினான்கு நிமிட இடைவெளியில், கொட்டகை வரிசைப்படி போயிருக்கின்றன. எந்தக் கோளாறும் அப்படி வரிசையில் வராது. யாரோ நடந்து போயிருக்கிறார்கள்.

"பச்சமுத்து அண்ணே, ஆயுத பூசை அன்னிக்கு பத்தரைக்கு மேல இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"இன்னா பண்ணுவாங்க, பூசைதான். மோட்டாரு, ஸ்ப்ரேயரு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். ஒம் பொட்டிய மட்டும் சும்மா உடுவனா? அதுக்கு ஸ்பெசலா செஞ்சேன்."

"ஸ்பெசலான்னா?"

"வந்துதான் பாரேன்," என்றார். குரலில் அத்தனை பெருமை.

கிருமி வரும் என்று வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். அதனால் பெட்டியை மாட்டிய பிறகு நான் உள்ளே போனதே இல்லை. மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு முதல் கொட்டகைக்குள் நுழைந்தேன். கடைசி மூலையில், மூங்கிலில், என் வெள்ளைப் பெட்டி தங்க நிறத்தில் மின்னியது. கல்யாணப் பரிசு மாதிரி நாலு பக்கமும் மடித்து ஒட்டிய ஜிகினாத் தாள். அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மோட்டாருக்கெல்லாம் ஓரத்துலதான் ஒட்டினேன். இது சின்னதா இருந்துச்சா, முழுசா சுத்திட்டேன்," என்றார் அண்ணன்.

ஜிகினா என்பது அலுமினியம் பூசிய தாள். முனகுவது போலப் பேசுகிற ரேடியோவைத் தகரத்துக்குள் போட்டு அடைத்தால் வெளியே என்ன கேட்கும்? எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது, பிறகு மறுபடியும் சிரிப்பே வந்தது. தாளைக் கிழித்தேன்.

ஒரு நிமிடம் காத்திருந்தோம். ஆபீஸ் அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயசுதா அக்காவின் குரல் வந்தது. "ஒண்ணு வந்துடுச்சி சுதர்சனா."

இரண்டாவதற்கு நடக்கவில்லை, ஓடினேன். அண்ணன் தாளை என்னைவிட வேகமாகக் கிழித்தார். மூன்றாவதும் வந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தால் மூன்றாவது கொட்டகை முப்பத்தி நாலு டிகிரி என்றது. முப்பதைத் தாண்டினாலே காளானுக்கு ஆகாது.

"அங்க ஏது முப்பத்தி நாலு? இப்பதான் தெர்மாமீட்டர்ல பார்த்தேன், இருபத்தெட்டு. காயிதத்துக்குள்ள பொட்டி புழுங்கிக்கினு இருந்திருக்கும்," என்றார் அண்ணன்.

நியாயமான பேச்சுதான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தோம். முப்பத்தி நாலு இறங்கவேயில்லை. தெர்மாமீட்டர் தொங்குவது வாசல் பக்கத்தில். பெட்டி இருப்பது கடைசி மூலையில். அண்ணன் எழுந்து நடந்தார், நானும் பின்னால் போனேன். அந்த மூலையில் தண்ணீர் தூவும் குழாயின் வாய் அடைத்திருந்தது. கடைசி இரண்டு வரிசையில் காளான் ஓரங்கள் மஞ்சளாகிச் சுருள ஆரம்பித்திருந்தன. மூன்று நாளாக மணிக்கு ஒருமுறை ஓடிய யாரும் அந்த மூலை வரை போகவில்லை. அவர் ஊசியால் குத்தி அடைப்பை எடுக்க, நான் ஆபீஸ் அறைக்குத் திரும்பி, திரையைப் பார்த்து எண்ணைக் கத்திச் சொன்னேன். முப்பத்தி மூணு. முப்பத்தி ரெண்டு. முப்பது.

நாலு மணிக்குக் குழுவின் பதினொரு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் பச்சமுத்து அண்ணன் எழுந்து நின்றார். "தப்பு எம்மேலதான். இந்தப் பொண்ண மூணு நாளா வாய்க்கு வந்தத பேசிட்டேன்," என்றார்.

ஜெயசுதா அக்கா தீர்மான நோட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். மூன்று பெட்டிகளையும் கழற்றிவிடுவது என்று காலையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கீழே பதினொரு கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எனக்குக் கொடுத்த நாலு மணிக் கெடு அவர் ஒருவர் கொடுத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"நீயே அடிச்சுடு," என்று பேனாவைக் கொடுத்தார்.

அடித்தேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. அக்கா பக்கத்தைத் திருப்பி, காளான் விதை வளர்க்கும் வித்து அறைக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டார்.