இன்ஸ்பெக்டர் கொடுத்த நற்சாட்சி

கொட்டாரம் ஊருக்குக் கிழக்கே, வயலுக்கு நடுவில் எங்கள் சர்க்கார் பள்ளிக்கூடம். வகுப்பு நாலு, பிள்ளைகள் தொண்ணூறு சொச்சம், வாத்தியார் ஒருவர். அந்த ஒருவர் நான், பெயர் தங்கையன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே முதுகால் நாலாம் வகுப்பை மிரட்டத் தெரிந்த ஆள். மிரண்டார்களா என்று திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் மூன்றாம் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும்.

முன்பு இன்னொரு வாத்தியார் இருந்தார். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றைந்தில் அவரைக் குளச்சலுக்கு மாற்றினார்கள். அவர் இடம் காலியாகவே கிடந்தது. ஆள் கேட்டு நான் எழுதிய மனுக்களைத் திருவனந்தபுரத்துக் கரையான்கள் வாசித்திருக்கும்.

அப்போதுதான் ஞானபாய் வந்தாள். டிரெயினிங் முடித்தவள். கலியாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அந்தக் காலி இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, உத்தரவு வருகிறவரை சும்மா இருப்பானேன் என்று ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டாள். புதுக்கடையில் இருந்த அவள் அண்ணன் கெடு வைத்திருந்தான். கார்த்திகைக்குள் உத்தரவு வராவிட்டால் அவள் அங்கே போய், அவன் வீட்டு அடுக்களையில் கிடக்க வேண்டும்.

"அண்ணிகிட்ட நல்ல பேரு வாங்குறதவிட உங்க நாலாம் கிளாசை மேய்க்கது எளுப்பம் சாரே," என்பாள்.

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தாக்கீது வந்தது. உத்தரவில்லாத ஆள் வகுப்பில் நிற்கக் கண்டால் இரண்டு பேருக்கும் கேடு. ஆகவே அன்றைக்கு அவள் வீட்டிலிருப்பது, நான் ஒற்றையாளாகத் திண்டாடுவதை இன்ஸ்பெக்டர் கண்ணால் கண்டு உடனே ஆள் போடச் சொல்லி எழுதுவது என்று ஏற்பாடு.

"நாளைக்கு நல்லா நடத்திப்போடாதீங்க சாரே," என்றாள் முந்தின நாள். "எப்பவும் போல நடத்துங்க. அது போரும்."

"யம்மா, நான் அவ்வளவு மோசமா?"

"ஒரு கிளாசுன்னா கொள்ளாம், நல்லாவே நடத்துவீங்க. நாலுன்னா கோழிக்கூட்டுல கீரி புகுந்த மாதிரிதான்."

இன்ஸ்பெக்டர் வந்தார். நேரே ஒன்றாம் வகுப்புக்குப் போனார். ஞானபாய் மணலில் விரல் பிடித்துப் பழக்கிய பிள்ளைகள், அவர் சொன்ன எழுத்தையெல்லாம் எழுதின. இரண்டாம் வகுப்பு தடங்கலில்லாமல் பாடம் வாசித்தது. ஏற்பாட்டின்படி மூன்றும் நாலும் அந்நேரம் கலகம் செய்யவேண்டும், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டும். ஆனால் அவர் தலையை ஆட்டி ரசிக்க ரசிக்க, எனக்குள் என்னமோ ஏறிவிட்டது. இருபது வருஷ உத்தியோகத்தில் என்னைப் பார்த்து மெச்சித் தலையாட்டியவர் ஒருவருமில்லை. வீட்டில் எருமைகூட அதைச் செய்ததில்லை. மூன்றாம் வகுப்பைப் படம் வரையவும் நாலாம் வகுப்பைக் கணக்குப் போடவும் விட்டு ஒரு அதட்டல் போட்டேன். ஒரு பிள்ளை தும்மவில்லை.

"கொள்ளாமே! சின்ன கிளாசுகளை யாரு இப்படிப் படிப்பிச்சது?"

முன்வரிசையில் செசிலி என்ற சிறுமி வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நான்தான்," என்றேன்.

"நாலையும் ஒற்றைக்கா?"

"ஆமா ஐயா. பழகிப்போச்சு."

அவர் பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டு எழுந்தார். எடுத்துப் பார்த்தேன். 'இவ்வாத்தியார் ஒருவரே நான்கு வகுப்புகளையும் மெச்சத்தக்கவாறு நடத்துகிறார். காலியாக உள்ள இரண்டாவது இடம் அவசியமில்லை. வேறு பள்ளிக்கு மாற்றலாம்.'

ஓடினேன். அவர் வண்டியில் ஏறியிருந்தார்.

"ஐயா, இன்னொரு ஆளு இல்லாம முடியாது..."

"அடக்கமான மனுஷன்!" என்று என் தோளில் தட்டிச் சிரித்தார். ஞானபாயின் பெயரை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முன்னே சொன்னது பொய்யென்று ஆகுமே. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்தது. அல்லது வண்டி நகரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். புத்தகத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"பழகிப்போச்சுன்னு சொன்னீங்களாமே. செசிலி சொன்னா."

"அது வந்து, ஞானபாய்..."

"ஒரே ஒரு நாளைக்குத்தானே சாரே மோசமா நடத்தச் சொன்னேன்."

மறுநாளே உண்மையை எழுதி மனுப் போட்டேன். பதில் இல்லை. கார்த்திகையில் அண்ணன் வண்டியோடு வந்தான். வண்டியில் ஏறுகிறவரைக்கும், ஒன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு என்ன வராது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"முத்துக்கனி இடதுகைக்காரி. அடிச்சு வலது கைக்கு மாத்திராதீங்க. எழுதும்போ பக்கத்துல நிக்கணும், இல்லேன்னா அழுவா."

"நின்னுக்கிடுதேன்," என்றேன்.

திங்கட்கிழமை முத்துக்கனி எந்தக் கையால் எழுதினாள் என்று பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.