தப்பு என்று சொல்ல ஓர் ஆள்

காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு பெயர்தான். ஆனால் வாசல் காவலர் முதல் மேலாளர் வரை, அவள் பக்கத்தில் இல்லை என்றால் எல்லோருக்கும் அவள் குடைச்சல்தான். அது அவளுக்கும் தெரியும். தொழில் அப்படி. டாக்டரோ வக்கீலோ கட்டடப் பொறியாளரோ வேலையில் தப்புச் செய்து, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால், நஷ்ட ஈட்டைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். அந்த பாலிசியை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்கிற அண்டர்ரைட்டர் அவள். ஒரு மனிதர் இனிமேல் என்னென்ன தப்புச் செய்வார் என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்து துருவுகிற உத்தியோகத்தில் நல்ல பெயரா கிடைக்கும்?

"இந்த இன்ஜினியரை நயமா கழட்டி விட்டுடும்மா," என்றார் மேலாளர். "மூணு தடவை நஷ்ட ஈடு கிளெய்ம். பழைய கம்பெனியே புதுப்பிக்க மாட்டோம்னு கைகழுவிட்டாங்க. நாம எதுக்குப் போய் தலையைக் குடுக்கணும்?"

"ஒரு தடவை பாத்துட்டு வந்து கழட்டி விடறேன் சார்."

"பாக்காமலே கழட்டி விடலாமே?"

"பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

பொறியாளரின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவளை அவரே கதவைத் திறந்து வரவேற்றார். ஐம்பதைத் தாண்டியவர், அன்றைக்கென்றே தேய்த்த சட்டை. மண் சரியாமல் தாங்கி நிற்கிற தடுப்புச் சுவர்களை வடிவமைப்பது அவர் தொழில். நாளையோடு அவருடைய பாலிசி முடிகிறது. பாலிசி இல்லாதவரை நம்பி எந்தப் பள்ளிக்கூடமும் எந்த நகராட்சியும் சுவர் கட்டாது. ஆகவே நாளையோடு அந்த அலுவலகமும் முடிகிறது. இதை அவர் போனிலேயே ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

மூன்று கிளெய்முக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்குக் கான்ட்ராக்டர் காரணம். இன்னொன்றுக்கு மண் பரிசோதனை செய்தவர். மூன்றாவதற்கு மழை. மழையையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் அது யாரைக் கை காட்டியிருக்குமோ! அவள் அவர் பேச்சைக் கேட்டதைவிட, சுற்றி உட்கார்ந்திருந்த அவருடைய ஊழியர்களைப் பார்த்ததுதான் அதிகம். அவர் ஒரு வாக்கியம் முடித்ததும் தலைகள் ஆடின. அடுத்த வாக்கியத்துக்கும் ஆடின. தப்பே செய்யாத பொறியாளரை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டுகிற அலுவலகங்கள் என்ன ஆகும் என்று நிறையப் பார்த்திருக்கிறாள்.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள். "இப்ப நடந்துட்டு இருக்கற வேலைல, பின்னாடி பிரச்சினை ஆகும்னு யாருக்காவது உறுத்தற விஷயம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க," என்றார் பொறியாளர். தலைகள் ஆடின.

"இருக்கு," என்றது மேசைக் கோடியில் இருந்து ஒரு குரல்.

முப்பது வயதுக்காரி. அவளும் பொறியாளர்தான்; கூடவே அவர் மனைவியின் தங்கை. அலுவலகத்தில் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அது மறந்துபோனது.

"அந்த ஸ்கூல் சுவர், அத்தான். சுவருக்கு மேல பசங்க விளையாடற இடம்னு கணக்குப் போட்டோம். இப்ப அங்க பஸ் நிறுத்தப் போறாங்க. ரெண்டு தடவை சொன்னேன்."

"அது பேசி முடிச்சாச்சு," என்றார் அவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்க முடிச்சீங்க. நான் முடிக்கல."

"யார் முன்னாடி என்ன பேசறதுன்னு இல்லையா உனக்கு? சொந்தச் செலவுல சூனியம் வைக்கறே."

"எப்படியும் நான் இந்த மாசத்தோட வேலையை விட்டுக் கிளம்பறவ. சொல்லிட்டுப் போறேன். பஸ் நிக்கும், மழை பெய்யும், கீழ பசங்க நடந்து போவாங்க."

பொறியாளர் எழுந்தார். கத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராகக் கணினிக்குப் போய் அந்தச் சுவரின் கணக்கைத் திறந்தார். பேருந்தின் எடையைப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு கான்ட்ராக்டருக்கு அங்கேயே போன் செய்தார்.

"கான்கிரீட் நிறுத்துங்க. பாதி போட்டாச்சா? பரவாயில்ல, நிறுத்துங்க. என் தப்புதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. "அவ்வளவுதான். நீங்க கிளம்பலாம். இதைப் பாத்ததுக்கப்புறம் எவன் பாலிசி குடுப்பான்?"

குடைச்சலுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பாவம் பார்க்கிற உத்தியோகமில்லை என்றாலும் இருந்தது.

"முதல்ல உங்க பழைய கம்பெனிக்கு எழுதுங்க, இப்பவே. பழைய பாலிசி இன்னும் உயிரோட இருக்கு. இப்படி ஒரு பிரச்சினை வரலாம்னு அது முடியறதுக்குள்ள சொல்லிட்டா, இந்தச் சுவரோட செலவு அவங்க பொறுப்பு. நாளன்னிக்குச் சொன்னா யார் பொறுப்பும் இல்ல. தெரிஞ்சே வெச்சிருந்த விஷயத்துக்குப் புதுக் கம்பெனி எதுவும் பணம் தராது."

"சொன்னா நாலாவது கிளெய்ம் ஆயிடுமே. நீங்க மூணுக்கே யோசிக்கறீங்க."

"ஆகும். எழுதுங்க."

அவர் எழுதினார். அவர் விரல்கள் எழுத்துகளைத் தேடித் தேடி அடிக்க, மைத்துனி பின்னால் நின்று எழுத்துப் பிழை திருத்தினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்து சொன்னதை மேலாளர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கழட்டி விடுன்னு அனுப்பினா, மூணை நாலாக்கிட்டு வந்திருக்கே."

"எண்ணிக்கையை விடுங்க சார். முதல் ரெண்டுல சுவர் விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது. மூணாவதுல விரிசல் விட்டதுமே நிறுத்திட்டாங்க. அப்ப அந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். நாலாவதைப் பாதி கட்டும்போதே நிறுத்தியாச்சு. ஒரு ஆளும் சாகல."

"கிளெய்மே இல்லாத இன்ஜினியர் ஊர்ல இல்லையா?"

"இருக்காங்க. அவங்க ஆபீஸ்ல தப்பு நடக்கலையா, இல்ல யாரும் சொல்லலையான்னு எனக்குத் தெரியாது. இங்க தெரியும்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு ஏதாவது ஒண்ணு விழுந்தா என்னைக் கேக்க மாட்டாங்க, உன்னைத்தான் கேப்பாங்க. கையெழுத்து உன்னுது."

"தெரியும் சார்," என்றாள். இந்த வேலையில் அவளுக்குப் பயம் போனதே இல்லை. பயம் போனவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவள் கட்சி.

மறுநாள் மதியம் பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"பாலிசி தர்றோம். பிரீமியம் அதிகம். முதல்ல வர்ற நஷ்டத்துல ஒரு பங்கு நீங்க ஏத்துக்கணும். இன்னொரு நிபந்தனை. ரெண்டாவது இன்ஜினியர் பாத்துக் கையெழுத்துப் போடாம எந்த வரைபடமும் வெளிய போகக் கூடாது. அவங்க நிறுத்துன்னா நிறுத்தணும்."

"ரெண்டாவது இன்ஜினியர்னா..."

"உங்க மச்சினி."

போனில் பெருமூச்சு கேட்டது. "பிரீமியத்தை வேணும்னா இன்னும் கொஞ்சம் ஏத்திக்கோங்களேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "வேற ஆளைப் போட்டாலும் சரிதான். உங்க முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்றவங்களா இருக்கணும். யாராவது இருக்காங்களா?"

அந்த மேசையைச் சுற்றி ஆடிய தலைகளை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அவ போறேன்னு சொல்லிட்டா. என் வீட்டுக்காரி சொல்லியும் கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"நான் சொல்லி அவங்க இருந்தா, எனக்காக இருப்பாங்க. நீங்கதான் கேக்கணும். இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவர் போனை வைக்கவில்லை, மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது. பிறர் வீட்டுப் பேச்சைக் கேட்பது தப்பு என்று தெரிந்தும் குடைச்சல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு நிமிஷம்," என்றது தூரத்தில் அவர் குரல். "நீ இல்லாம இந்த ஆபீஸ் நடக்காது. பாலிசிக்காகச் சொல்லல. சரி, பாலிசிக்காகவும்தான். ஆனா நேத்து ராத்திரி அந்த பஸ் கண்ணுக்குள்ளயே நின்னுது. நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். இனிமே கேக்கறேன். நம்புவியா?"

"நம்ப மாட்டேன், அத்தான்."

"என்னதான் பண்ணணும்?"

"மாசத்துக்கு ஒரு தடவை அந்த இன்சூரன்ஸ் அம்மா திடுதிப்புனு வந்து பாக்கட்டும். உங்ககிட்ட இல்ல, என்கிட்ட கேக்கட்டும். அப்ப இருக்கேன்."

"சரி, வரட்டும்."

குடைச்சல் போனைக் கீழே வைத்தாள். அந்த மூன்று மாடியும் மாதா மாதம் ஏற வேண்டும் என்று நினைத்தபோதே முழங்கால் வலித்தது. ஆனால் அவளை ஓர் இடத்துக்கு வரச் சொல்லி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. பாலிசியில் கையெழுத்துப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தாள்.